டிரையர் ஷீட்டைக் கோத்தகிரியிலேயே தயாரிக்கலாமா?

கேள்வி இதுதான்: "கோத்தகிரியில் குடும்பமாக லாண்டரி நடத்துகிறோம். ரிசார்ட், ஹோம்ஸ்டே துணிகள்தான் பெரும்பாலும். மழை மாதங்களில் முழுக்க முழுக்க டிரையரை நம்பித்தான் ஓடுகிறது. டிரையருக்குள் போடும் சாஃப்ட்னர் ஷீட்டை வெளியிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. நாங்களே தயாரிக்க முடியுமா? நீலகிரித் தைலம் கலந்து செய்தால் சுற்றுலாப் பயணிகளுக்கும் விற்கலாம் என்று வீட்டில் ஒரு யோசனை."

ஷீட் தயாரிக்க முடியும். தைலத்தை மட்டும் அதில் கலக்க வேண்டாம். இரண்டு பதிலுக்கும் காரணம் ஒன்றுதான்: இந்தப் பொருளில் எல்லாமே வெப்பநிலைக் கணக்கு. எந்தச் சூட்டில் இளகுகிறது, எந்தச் சூட்டில் ஆவியாகிறது, எந்தச் சூட்டில் தீப்பிடிக்கிறது என்பதைப் பிடித்துவிட்டால் மீதி எல்லாம் கைவேலை. திருப்பூரில் துணி பினிஷிங் கெமிக்கல்களோடு பல வருடம் புழங்கியவன் என்பதால் சொல்கிறேன், இதில் கலவைச் சூத்திரம் பெரிய ரகசியமில்லை. ஷீட்டுக்கு ஷீட் ஒரே அளவு பூசுவதுதான் தொழில்.

டிரையர் ஷீட் என்பது மெல்லிய நான்-ஓவன் துணியில் (நெய்யாமல் இழைகளை ஒட்டிச் செய்த துணி) பூசிய மெழுகு போன்ற ஒரு கலவை. டிரம் சுற்றும்போது சூட்டில் அது இளகி, உரசும் துணிகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்கிறது. கான்ராட் கெய்ஸர் என்ற அமெரிக்கர் 1969-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை சாஃப்ட்னர் என்றால் கடைசி அலசல் தண்ணீரில் ஊற்றும் திரவம்தான். துவைக்கும் சோப்பு எதிர்மின் தன்மை கொண்டது, சாஃப்ட்னர் நேர்மின் தன்மை கொண்டது; இரண்டும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பிசுக்காகிவிடும். அதனால் அலசல் வரும் நேரம் பார்த்து மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டும். கெய்ஸர் அந்த வேலையை டிரையருக்கு மாற்றிவிட்டார். பிறகு புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் இதை 'பவுன்ஸ்' என்ற பெயரில் 1970-களில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

துணியை மென்மையாக்குவதோடு, உரசலில் ஏறும் மின்னூட்டமான ஸ்டாட்டிக்கைக் குறைப்பதும் ஷீட்டின் வேலை. நம் மலையில் பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரில் சுவரே வியர்க்கிறது, அங்கே துணியில் ஸ்டாட்டிக் எப்படி வரும் என்று. ஆனால் டிரம்முக்குள் இருப்பது கோத்தகிரிக் காற்று இல்லை. வெளியே 12 டிகிரியில் ஈரம் நிறைந்து நிற்கும் மூடுபனிக் காற்றை அப்படியே 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 7 சதவீதத்துக்கு இறங்கிவிடும். துணியில் தண்ணீர் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. தண்ணீர் போன பிறகும் பத்து நிமிடம் கூடுதலாகச் சுற்றினால், பாலியஸ்டர் ஒரு பக்கம், காட்டன் ஒரு பக்கம் என்று உரசி உரசி மின்னூட்டம் ஏறும். கையில் சுரீர் என்று அடிப்பது அதுதான். ஃபிளீஸ் போர்வை, அக்ரிலிக் ஸ்வெட்டர், மைக்ரோஃபைபர் ரஜாய் உறை, இவைதான் முக்கியக் குற்றவாளிகள். ஜனவரி, பிப்ரவரி உறைபனிக் காலத்தில் வெளிக்காற்றும் வறண்டு இருப்பதால் டிரையரிலிருந்து எடுத்த பிறகும் அது அடங்காது. ஆகவே ஷீட்டுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் டிரையரின் டைமரைக் குறைத்துப் பாருங்கள். உங்கள் ஸ்டாட்டிக் தொல்லையில் பாதி அங்கேயே தீரக்கூடும்.

இனி கலவை. இதில் நாலு வகைச் சரக்கு இருக்கிறது.

முதலாவது, மென்மையும் ஸ்டாட்டிக் குறைப்பும் தரும் குவாட், அதாவது குவாட்டர்னரி அம்மோனியம் சேர்மம். கொழுப்பு அமிலத்திலிருந்து செய்யும் நேர்மின் பொருள் இது. பழைய தலைமுறையில் மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்த ஒரு குவாட்தான் உலகம் முழுக்க ஓடியது. அது ஆற்றில் போனால் எளிதில் மக்குவதில்லை என்று 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் கைவிட்டார்கள். அந்த இடத்துக்கு வந்தது எஸ்டர் குவாட். நீங்கள் வாங்க வேண்டியதும் அதுதான். பாமாயில் அடிப்படையா, மாட்டுக் கொழுப்பு அடிப்படையா என்று சப்ளையரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். சைவ ரிசார்ட் ஒன்று நாளைக்கே கேட்கும். குவாட்டை நாமே செய்யலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். அதற்குத் தேவைப்படும் டைமெத்தில் சல்ஃபேட் நெடியே காட்டாமல் நுரையீரலைக் கெடுக்கும் விஷம். அது பெரிய கெமிக்கல் ஆலைகளின் வேலை.

வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. லிக்விட் சாஃப்ட்னர் தயாரிப்பவர்களுக்கு விற்கும் எஸ்டர் குவாட்டில் பத்துப் பதினைந்து சதவீதம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்திருக்கும், எளிதாக ஊற்றுவதற்காக. அந்த ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரியிலேயே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அதைத் திறந்த பாத்திரத்தில் 75 டிகிரிக்கு உருக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 'சால்வென்ட் இல்லாத, கொழுப்பு அமிலத்தோடு சேர்த்துக் கட்டியாக்கிய கிரேடு வேண்டும்' என்று தெளிவாகக் கேளுங்கள். திருப்பூர், ஈரோட்டில் மலிவாகக் கிடைக்கும் சாஃப்ட்னர் பிளேக்ஸைக் கொண்டு செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். பனியன் துணி பினிஷிங்குக்கு வெந்நீரில் கரைத்து ஓட்டும் சரக்கு அது. ஷீட்டில் பூசினால் வேலை செய்யும், ஆனால் பல ரகங்கள் சூட்டில் பழுப்பேறும். கலர் டி-ஷர்ட்டில் அது தெரியாது. வாரத்துக்கு இரண்டு முறை துவைக்கும் வெள்ளை பெட்ஷீட்டில் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஸ்டியரிக் ஆசிட். உருகுநிலையைப் பிடித்து நிறுத்துவது இதுதான். மூன்றாவது, சார்பிட்டான் மோனோஸ்டியரேட் மாதிரியான ஒரு நான்-அயானிக் (மின்தன்மை இல்லாத) பொருள். ஷீட்டிலிருந்து கலவை கட்டியாக விழாமல் மெல்லப் பிரிந்து பரவ உதவுகிறது. நான்காவது வாசனை. கலவை மிகவும் நீர்த்து வழிந்தால் கொஞ்சம் பென்டோனைட் களிமண் சேர்ப்பார்கள். ஆரம்பித்துப் பார்க்க ஒரு விகிதம் சொல்கிறேன்: எஸ்டர் குவாட் 60, ஸ்டியரிக் ஆசிட் 27, நான்-அயானிக் 10, வாசனை 3. குவாட்டோடு ஏற்கெனவே கொழுப்பு அமிலம் வருகிறது என்றால் அந்த அளவை ஸ்டியரிக் ஆசிடில் கழித்துக்கொள்ளுங்கள். குறி என்னவென்றால், 45 டிகிரிவரை கையில் ஒட்டாத திடப்பொருளாக இருக்க வேண்டும், 60-ஐ நெருங்கும்போது நன்றாக இளகியிருக்க வேண்டும். உங்கள் டிரையர் எந்தச் சூட்டில் ஓடுகிறது என்று வெளியேறும் காற்றில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஸ்டியரிக் ஆசிடைக் கூட்டிக் குறையுங்கள்.

நான்-ஓவன் துணி பெரும்பாலும் பாலியஸ்டர், சதுர மீட்டருக்கு 20 கிராம் அளவில். சூட்டில் கிழியாது, விலையும் குறைவு. ஆனால் நீங்கள் இருப்பது நீலகிரி. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கை இந்த மாவட்டம் பல ஆண்டுகளாக விரட்டிக்கொண்டிருக்கிறது. டிரையர் ஷீட்டைப் பெயர் சொல்லித் தடை செய்யவில்லை என்றாலும், பயன்படுத்திய பாலியஸ்டர் ஷீட் மூட்டை மூட்டையாக ரிசார்ட் குப்பையில் சேர்ந்தால் கேள்வி வரும், வரவும் வேண்டும். விஸ்கோஸ் நான்-ஓவனுக்குப் போய்விடுங்கள். விலை கொஞ்சம் கூடும், ஈரத்தில் கொஞ்சம் தளரும், ஆனால் மக்கும். துணியில் நீளவாக்கில் சில கீறல்கள் போட்டுக்கொள்ள மறக்க வேண்டாம். முழு ஷீட் போய்க் காற்று வெளியேறும் துவாரத்தில் அப்பிக்கொண்டால் டிரையர் மூச்சு முட்டும். கீறல் இருந்தால் காற்று அதன் வழியே போய்விடும். பெரிய கம்பெனிகள் கீறல் போடுவதும் இதற்காகத்தான்.

இனி பூசும் வேலை. இங்கேதான் மலை உங்களுக்கு உதவியும் செய்யும், உபத்திரவமும் செய்யும். உதவி முதலில்: உருக்குவதற்கு எரிவாயுச் சுடர் நேரடியாகப் படக் கூடாது, வெந்நீர்ச் சட்டை போட்ட இரட்டைச் சுவர்ப் பாத்திரம் வேண்டும். உங்கள் உயரத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சட்டையில் தண்ணீர் வற்றாமலும் ஆவி வெளியேற வழி திறந்தும் இருக்கும்வரை கலவை அதற்கு மேல் சூடேறாது. 75 டிகிரி போதும். முதலில் ஸ்டியரிக் ஆசிடும் நான்-அயானிக்கும் உருகட்டும், பிறகு குவாட், நன்றாகக் கலந்து தெளிந்ததும் சூட்டைக் குறைத்து, பூசுவதற்குச் சற்று முன்னால் வாசனை. எஸ்டர் குவாட் ஈரத்தோடு சேர்ந்து வெகுநேரம் சூட்டில் இருந்தால் உடைந்துபோகும். எனவே அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் உருக்குங்கள். மீந்ததை மறுபடி மறுபடி உருக்காதீர்கள்.

உருகிய கலவை ஒரு தொட்டியில் இருக்கும். அதில் பாதி மூழ்கிச் சுற்றும் ஒரு ரோலர். நான்-ஓவன் சுருள் அந்த ரோலர் மேல் ஓடிக் கலவையை வாங்கிக்கொண்டு, அடுத்ததாக இரண்டு பிழியும் ரோலர்களுக்கு நடுவே போகும். அந்த இடைவெளிதான் எவ்வளவு கலவை ஷீட்டில் தங்குகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. பெரிய ஆலையில் அடுத்து குளிர்ந்த தண்ணீர் ஓடும் ரோலர் இருக்கும். உங்களுக்கு அது தேவைப்படாது, நாலு மீட்டர் காற்றில் ஓடினாலே இறுகிவிடும். உபத்திரவம் அதிலேதான். ஷெட்டுக்குள் 14 டிகிரி இருக்கும்போது ரோலரும் அந்தச் சூட்டிலேயே இருந்தால் கலவை அதிலேயே உறைந்து, ஷீட்டில் திட்டுத் திட்டாக ஏறும். பூசும் ரோலர், பிழியும் ரோலர் மூன்றையும் சூடாக்கி வைத்த பிறகே ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். கோயம்புத்தூரில் இந்த மாதிரிச் சிறிய ரோலர் யூனிட்டைச் சொன்ன அளவில் அடித்துக் கொடுக்கும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன.

கணக்கு இப்படி. ஒரு ஷீட் 16-க்கு 23 சென்டிமீட்டர். துணியின் எடை முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. பூச வேண்டிய கலவை ஒன்றரை கிராம். ஆக, ஒரு கிலோ கலவையில் சுமார் 650 ஷீட். ஒரு நாள் ஓட்டத்தில் அரை மணிக்கு ஒருமுறை பத்து ஷீட்டை வெட்டி எடுத்து ஒவ்வொன்றாக எடை போடுங்கள். மொத்தமாக வைத்துச் சராசரி பார்ப்பதில் பயனில்லை. சராசரி சரியாகவே இருக்கும், ஆனால் ஓரத்து ஷீட்டில் இரண்டு மடங்கும் நடுவில் பாதியும் ஏறியிருக்கும். அதிகம் ஏறிய ஷீட் கறுப்பு பேன்ட்டில் எண்ணெய்க் கறை மாதிரி திட்டு வைக்கும். வாடிக்கையாளர் சாஃப்ட்னரைக் குறை சொல்ல மாட்டார், உங்களைத்தான் சொல்வார்.

அளவு விஷயத்தில் இன்னொன்று. கடையில் விற்கும் ஷீட் வீட்டு டிரையரின் மூன்று நான்கு கிலோ துணிக்கானது. உங்கள் மெஷின் 25 கிலோ என்றால் ஒரு ஷீட் போடுவது பெயருக்குத்தான். உங்கள் சொந்த உபயோகத்துக்குப் பெரிய ஷீட்டாக, ஒன்றிலேயே ஏழெட்டு கிராம் கலவை வருகிற மாதிரி வெட்டிக்கொள்ளலாம். மடித்து அடுக்கும் வேலை மிச்சம். வெளியில் வாங்கிக் கட்டுப்படியாகாததற்குப் பாதிக் காரணம், வீட்டுக்கான பொருளைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதே.

விற்பனைக்கு அனுப்பும் முன் மூன்று சோதனை. ஒன்று, ஐம்பது ஷீட்டை அடுக்கி மேலே ஒரு கிலோ எடை வைத்து 45 டிகிரியில் ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது ஒட்டினால் உருகுநிலை போதவில்லை. கோத்தகிரியில் நன்றாகப் பிரியும் பாக்கெட், மேட்டுப்பாளையம் இறங்கி வெயிலில் நின்ற லாரிக்குள் ஒரே கட்டியாகிவிடும். இரண்டு, அடர் நிறப் பாலியஸ்டர் துணி இரண்டு மூன்றை மட்டும் போட்டு, ஷீட்டோடு அதிகச் சூட்டில் ஓட்டுங்கள். திட்டு விழுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மூன்று, அதே துண்டைத் திரும்பத் திரும்பத் துவைத்து ஷீட் போட்டு உலர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அது இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சோதனை ஒரு கசப்பான விஷயத்தைக் காட்டும். சாஃப்ட்னர் துண்டை மெத்தென்று ஆக்கும், கூடவே தண்ணீர் உறிஞ்சுவதையும் குறைக்கும். நூலின் மேல் கொழுப்புப் படலம் ஏறினால் தண்ணீர் எப்படி இறங்கும்? குளித்துவிட்டுத் துடைத்தால் உடம்பில் ஈரம் வழுக்கிக்கொண்டு போகிறது என்று விருந்தினர் சொல்வது இதனால்தான். குளியல் துண்டு, மைக்ரோஃபைபர் துடைப்புத் துணி, தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய துணி, இவற்றுக்கு ஷீட் வேண்டவே வேண்டாம். காட்டன் பெட்ஷீட், தலையணை உறைக்கு அலசல் தண்ணீரில் ஊற்றும் திரவமே மலிவு, பரவலும் சீராக இருக்கும். ஆக, லாண்டரிக்குள் ஷீட்டுக்கு நியாயமான இடம் போர்வை, ரஜாய், ஸ்வெட்டர், செயற்கை இழை யூனிஃபார்ம், இவ்வளவுதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் உங்கள் ஷீட் தேவை இப்போது நினைப்பதைவிட மிகக் குறைவாக வரும் என்று நினைக்கிறேன். அப்போதும் தயாரிக்கத் தோன்றுகிறதா என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

சரி, தைலம். நீலகிரித் தைலத்தின் பெரும்பகுதி சினியோல். சுமார் 48, 49 டிகிரியிலேயே அதன் ஆவி தீப்பொறிக்குப் பற்றும் நிலைக்கு வந்துவிடும். உங்கள் உருக்கு பாத்திரம் 75 டிகிரி. டிரையர் 60, 70. அதாவது பாத்திரத்திலும் ஆபத்து, டிரம்மிலும் தேவையில்லாத வம்பு. கேஸ் டிரையர் என்றால் உள்ளே சுடரே இருக்கிறது. ஒரு ஷீட்டில் இருக்கும் ஐம்பது மில்லிகிராமுக்கும் குறைவான தைலத்தால் டிரம் தீப்பற்றாது என்று வாதிடலாம், உண்மைதான். ஆனால் கிலோக்கணக்கில் உருக்கும் உங்கள் ஷெட்டைப் பற்றி அதே உறுதியைத் தர முடியாது. இன்னொரு பக்கம், பலனும் இல்லை. சினியோல் லேசாக ஆவியாகும் பொருள். துணி உலர்ந்து முடிவதற்குள் எல்லாம் புகைபோக்கி வழியே வெளியேறி, வாசனை உங்கள் தெருவுக்குத்தான் போகும், வாடிக்கையாளரின் போர்வைக்கு வராது. மூட்டுவலிக்குத் தடவும் விண்டர்கிரீன் தைலம் சூட்டுக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, ஆனால் அந்த வாசனையில் தூங்கச் சொன்னால் விருந்தினர் மூட்டுவலிக்காரர் பக்கத்து அறையில் இருக்கிறாரோ என்று நினைப்பார். ஜெரேனியம் மாதிரி கனமான வாசனைகள் துணியில் தங்கும். வாசனை வியாபாரியிடம் கேட்கும்போது தீப்பற்று வெப்பநிலை (ஃபிளாஷ் பாயின்ட்) 93 டிகிரிக்கு மேல் இருக்கிறதா என்று பாதுகாப்புத் தாளில் பாருங்கள். தைலத்தை விட மனமில்லை என்றால், டிரையருக்குப் போகாத ஒரு பொருளாக, அலமாரியில் தொங்கவிடும் சிறு பொட்டலமாகச் செய்து விற்கலாம். அது நன்றாகவே போகும்.

தீ என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ரிசார்ட் ஸ்பாவிலிருந்து வரும் மசாஜ் துண்டுகள். நல்லெண்ணெய் ஊறிய துண்டு துவைத்த பிறகும் கொஞ்சம் எண்ணெய் பிடித்தே இருக்கும். அதைச் சூடாக உலர்த்தி, சூடு ஆறாமல் மடித்துக் குவித்து வைத்தால் உள்ளுக்குள்ளே எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும். லாண்டரித் தீ விபத்துகளுக்கு இது தெரிந்த காரணம். அந்தத் துண்டுகளைத் தனியாக, வெந்நீரில் டிடர்ஜென்ட் கூட்டித் துவையுங்கள். டிரையரில் கடைசியில் சூடில்லாமல் பத்து நிமிடம் சுற்றவிட்டு ஆறிய பிறகே மடியுங்கள். அவற்றோடு சாஃப்ட்னர் ஷீட் சேர்க்காதீர்கள். ஷீட் பயன்படுத்தும் மெஷினில் பஞ்சு வடிகட்டி வலையின் மேலும் மெல்லிய படலம் படியும். வாரம் ஒருமுறை வெந்நீரும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவ வேண்டும். வலையில் தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் இறங்க வேண்டும்.

பாத்திரம் கழுவிய தண்ணீரை ஓடையில் விடக் கூடாது. எஸ்டர் குவாட் பழையதைவிட விரைவில் மக்கும் என்றாலும் மக்குவதற்கு முன் மீனுக்கும் பாசிக்கும் நஞ்சுதான், நம் ஓடைகள் கடைசியில் பவானிக்குத்தான் போகின்றன. கலவை இறுகியதும் சுரண்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட்டால் கழுவவே தேவையிருக்காது. கலவை கண்ணில் பட்டால் எரியும். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். விற்பனைக்கு என்றால் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, பாக்கெட்டில் எண்ணிக்கை, விலை, தயாரித்த மாதம், முகவரி எல்லாம் வேண்டும். புதிதாக ஷெட் எழுப்புவதானால் மலைப்பகுதிக்கென்று இருக்கும் கட்டட அனுமதிச் சிக்கல் தனி. இருக்கும் கட்டடத்திலேயே தொடங்குவது நல்லது.

சுற்றுலாப் பயணிகளுக்கு இந்த ஊர்ப் பொருள் ஒன்று விற்க வேண்டும் என்பது உங்கள் ஆசை என்றால், நான் ஷீட்டைவிடக் கம்பளி உருண்டையைத்தான் செய்யச் சொல்வேன். டென்னிஸ் பந்தைவிடச் சற்றுப் பெரிதாக, கம்பளியைச் சுற்றி வெந்நீரில் அடித்து இறுக்கிய உருண்டை. டிரையரில் நாலைந்து போட்டால் துணிகளைப் பிரித்துவிட்டுக் காற்று புக வழி செய்யும், நூற்றுக்கணக்கான முறை பயன்படுத்தலாம். ஸ்டாட்டிக்கை ஷீட் அளவுக்குக் குறைக்காது, அதை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும். கம்பளி தேடி வெகுதூரம் போக வேண்டாம். சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் நீலகிரிச் செம்மறியை வைத்திருக்கிறது, கொடைக்கானல் மன்னவனூரில் பாரத் மெரினோ ஆடுகள் வளர்க்கும் மத்திய நிலையம் இருக்கிறது. ரோலரும் வேண்டாம், குவாட்டும் வேண்டாம். உங்கள் பழைய வாஷிங் மெஷின் ஒன்று போதும். முதல் ஐம்பது உருண்டையை உங்கள் லாண்டரியிலேயே போட்டு, உலரும் நேரம் எவ்வளவு குறைகிறது என்று ஒரே எடைத் துணியில் அளந்து பாருங்கள். அந்த எண்ணையே பாக்கெட்டில் அச்சடித்து விற்கலாம்.